கடலுக்கு மேலா, கடலுக்கு அடியிலா: அமெரிக்கக் கடற்படையில் எழுத்தர் பணியைத் தேர்வு செய்யும் முன்

காவல் நிலையத்தில் ரைட்டர் என்று ஒருவர் இருப்பார். ஆய்வாளர் மாறுவார், துணை ஆய்வாளர் மாறுவார். ஆனால் எந்த வழக்குக் கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த மனுவுக்கு இன்னும் பதில் போகவில்லை, யாருடைய விடுப்பு எதனால் நிற்கிறது என்பதெல்லாம் ரைட்டருக்குத்தான் தெரியும். பிரிட்டிஷ் கடற்படையில் அலுவலக எழுத்தர் பணிக்கு ரைட்டர் என்றே பெயர். இந்தியக் கடற்படையும் அந்தப் பெயரை அங்கிருந்துதான் பெற்றது. அமெரிக்கக் கடற்படையில் அதே பணியைச் செய்பவர் யோமன் எனப்படுகிறார். 1835 முதல் இருந்துவரும் பழைய பணிப்பிரிவு அது. குறுக்காக வைத்த இரண்டு இறகுப் பேனாக்கள்தான் அதன் கைச்சின்னம்.

இந்த யோமன் பணிக்குள் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, போர்க்கப்பல்களிலும் விமானந்தாங்கிகளிலும் கரையோரத் தலைமையகங்களிலும் வேலை செய்யும் பொது யோமன்; ஒப்பந்தத்தில் இதற்கு ஒய்என் என்று குறிப்பார்கள். மற்றொன்று, நீர்மூழ்கிக் கப்பலில் வேலை செய்யும் யோமன். இதற்கு ஒய்என்எஸ் என்று குறிப்பு. இரண்டாவது வழியில் சென்றவருக்கு இன்னொரு பிரிவும் காத்திருக்கிறது: எதிரிக் கப்பல்களைத் தேடித் தாக்கும் தாக்குதல் நீர்மூழ்கியா, தொலைதூர அணு ஏவுகணைகளைச் சுமந்து மறைந்திருக்கும் ஏவுகணை நீர்மூழ்கியா என்பது. ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் இந்த வேறுபாடுகளைச் சில நிமிடங்களில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அடுத்த பல ஆண்டுகளின் உறக்கம், உணவு, குடும்பம், படிப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கும் முடிவு அது என்பதால், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மூன்று இடங்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான். கப்பலின் கடிதப் போக்குவரத்து, நிலையாணைக் கோப்புகள், விடுப்பு மற்றும் பயண ஆணைகள், விருதுப் பரிந்துரைகள், ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகள், மாலுமிகளின் பணி மதிப்பீட்டு அறிக்கைகள் ஆகியவை யோமனின் மேசைக்கு வந்துதான் போகும். மதிப்பீட்டு அறிக்கைக்கு ஒவ்வொரு ஊதிய நிலைக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. ஈ-5 நிலையினருக்கு மார்ச் 15, ஈ-6 நிலையினருக்கு நவம்பர் 15. கப்பல் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி அந்தத் தேதிக்குக் கவலையில்லை. அறிக்கையில் ஒரு மதிப்பெண் பிழையாக ஏறினால் ஒருவருடைய பதவி உயர்வு தள்ளிப்போகும். ஆகவே கவனமும் நேரந்தவறாமையும் கையெழுத்துப் போடுமுன் இன்னொரு முறை படித்துப் பார்க்கும் பழக்கமும் எங்கு போனாலும் வேண்டும். வேலையின் தன்மையை வைத்து இந்த வழிகளைப் பிரிக்க முயல்பவர் முடிவுக்கே வர மாட்டார். பிரிப்பது வேலையைச் சுற்றியுள்ள வாழ்க்கை.

பொது யோமனின் வழியில் உள்ள பெரிய நன்மை, அது விரிந்தது என்பதே. நிமிட்ஸ் வகை விமானந்தாங்கியில் விமானப் பிரிவும் ஏறிய பிறகு 5,000 பேருக்கு மேல் இருப்பார்கள். ஒரு சிறு நகராட்சி அலுவலகம் போல அங்கே நிர்வாகத் துறை தனியாக இயங்கும். ஒருவர் மதிப்பீட்டு அறிக்கைகளை மட்டும் பார்ப்பார், ஒருவர் சட்டப் பதிவுகளை மட்டும் பார்ப்பார், சம்பளக் கணக்குக்கும் ஆளெடுப்புப் பதிவுக்கும் வேறொரு பணிப்பிரிவே உண்டு. புதிதாக வருகிறவருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் பத்தாண்டு அனுபவமுள்ளவர் இருப்பார். சில ஆண்டுகள் கழித்துக் கரைப் பணிக்கு மாறும்போது அட்மிரல்களின் அலுவலகங்கள், வாஷிங்டன் தலைமையகங்கள், கூட்டுப்படைத் தலைமையகங்கள் எனப் பல கதவுகள் திறக்கும். அலுவலக நிர்வாகத்தையே வாழ்நாள் தொழிலாகக் கொள்ள நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளி கிடைக்காது என்பது என் கருத்து.

அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. பெரிய கப்பலில் இளநிலை யோமன் கப்பல்தலைவரை மாதக்கணக்கில் நேரில் பார்க்காமலே இருந்துவிட முடியும். படிவத்தின் ஒரு மூலையை மட்டும் நிரப்பி அடுத்த மேசைக்குத் தள்ளும் வேலையாகவே அவருடைய முதல் ஆண்டுகள் கழியலாம். யாருடைய பெயரை எழுதுகிறோமோ அவருடைய முகம் தெரியாமலே எழுதுவதும் நடக்கும்.

நீர்மூழ்கியில் இதற்கு நேர்மாறு. வர்ஜீனியா வகைத் தாக்குதல் நீர்மூழ்கி ஏறத்தாழ 115 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. அண்மையில் கட்டப்படுபவை இன்னும் நீளமானவை. அதற்குள் அணுஉலை, டார்பிடோ அறை, ஏவுகணைகள் ஆகியவற்றுக்குப் போக மிஞ்சிய இடத்தில் 130 முதல் 145 பேர் வரை வாழ்கிறார்கள். இத்தனை பேருக்கும் யோமன்கள் இரண்டு மூன்று பேர்தான். சம்பளம், குடும்ப விவரப் பதிவு, பணியாளர் கோப்பு எனப் பெரிய கப்பலில் வேறு பிரிவு பார்க்கும் வேலையும் இவர்கள் தலையில்தான். அலுவலகம் என்பது ஓர் ஒடுங்கிய அறை. ஒருவர் நாற்காலியைப் பின்னே தள்ளினால் மற்றவர் எழுந்து நிற்க வேண்டும். முழங்காலை ஒட்டி இரும்புப் பெட்டி, தலைக்கு மேல் கோப்புகள், அவற்றுக்கு மேல் குழாய்களும் கம்பிகளும். கப்பல் மூக்கைச் சாய்த்து ஆழத்துக்கு இறங்கும்போது மேசைமேல் கட்டப்படாமல் இருப்பதெல்லாம் மடிக்கு வந்துவிடும் என்பதால், குவளையைக்கூட எங்கே வைப்பது என்பதைப் புதியவர் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறார். கதவுக்கு வெளியே நடைபாதை. அங்கே எப்போதும் யாராவது ஒருவர் கையில் ஒரு காகிதத்தோடு நிற்பார்.

அந்த அறையிலிருந்து கப்பலின் இரண்டாம் தலைவரான எக்ஸிக்யூட்டிவ் ஆபீசரின் அறைக்குச் சில எட்டுகள்தான். யோமன் எழுதிய கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பிக் கொடுப்பவர் அவரே. ஒரு நாளில் ஐந்தாறு முறை அவரைப் பார்க்காமல் வேலை நடக்காது. இருபது வயது எழுத்தர் ஒருவர், ஓர் அணுசக்திக் கப்பல் எவ்வாறு நிர்வகிக்கப்படுகிறது என்பதை இவ்வளவு அருகில் இருந்து பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கும் இல்லை. அதே சமயம், சந்தேகம் கேட்கப் பக்கத்து மேசை இல்லை. மூத்த யோமன் விடுப்பில் போயிருக்கும் நாளில், கடலுக்கடியில், இணையத் தொடர்பில்லாமல், கையில் இருக்கும் விதிநூலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சிக்கலான ஆணையை எழுத வேண்டியிருக்கும். சிலர் அதில் வளர்கிறார்கள். சிலர் அதில் நொறுங்கிப்போகிறார்கள். தன்னைப் பற்றி இதை முன்கூட்டியே நேர்மையாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் நீர்மூழ்கி யோமனை உண்மையாகச் சோதிப்பது மேசை வேலை அன்று. அங்கே எல்லோரும் முதலில் நீர்மூழ்கி மாலுமிகள், பிறகுதான் சமையலாளர், எழுத்தர், மின்பணியாளர் என்பதெல்லாம். அடிப்படைப் பயிற்சியை இல்லினாய் மாநிலத்தின் கிரேட் லேக்சில் முடித்தவர், கனெக்டிகட் மாநிலத்தின் கிராட்டனில் உள்ள நீர்மூழ்கிப் பள்ளிக்குப் போகிறார். கப்பலில் ஏறியதும் அவர் கையில் ஒரு தகுதி அட்டையைக் கொடுக்கிறார்கள். மின்சாரம், நீரியல் அழுத்தம், காற்று, நிலைப்படுத்தும் தொட்டிகள், டார்பிடோக் குழாய்கள், தீயணைப்பு என்று கப்பலின் ஒவ்வோர் அமைப்பையும் கற்று, அதை நன்கறிந்த ஒருவரிடம் வாய்மொழியாகத் தேர்வு கொடுத்து, அவர் கையெழுத்தை அட்டையில் வாங்க வேண்டும். எல்லாக் கையெழுத்தும் சேர்ந்த பிறகு கப்பலைச் சுற்றி நடந்தபடி கேள்விக்குப் பதில் சொல்லி, ஒரு குழுவின் முன்னும் அமர்ந்து தேறினால்தான் வெள்ளி நிற டால்பின் சின்னத்தை மார்பில் குத்துவார்கள். 1924 முதல் இருந்துவரும் சின்னம் அது. அதைப் பெற ஏறத்தாழ ஓராண்டு ஆகும். அதுவரை புதியவருக்குப் படம் பார்த்துப் பொழுதுபோக்கும் உரிமைகூடக் கிடையாது என்று கறாராக இருக்கும் கப்பல்கள் உண்டு. அலுவலக வேலை முடிந்து, காவல் முறை முடிந்து, மற்றவர்கள் படுக்கைக்குப் போகும் நேரத்தில்தான் எழுத்தர் ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு எஞ்சின் பகுதிக்குப் போகிறார்.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. இந்தப் பணியைப் பற்றிப் பேசுபவர்கள் இதைப் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் குறை. யோமன் எல்லோருடைய அந்தரங்கத்தையும் அறிந்தவர். யாருக்கு மணமுறிவு நடக்கிறது, யார் கடனில் இருக்கிறார், யாருடைய பாதுகாப்பு அனுமதி கேள்விக்குள்ளாகியிருக்கிறது, யார் கப்பல்தலைவர் முன் ஒழுங்கு விசாரணைக்கு நிற்கப்போகிறார் என்பதெல்லாம் அவர் தட்டச்சு செய்யும் காகிதங்களில் இருக்கிறது. பெரிய கப்பலில் அந்தப் பெயர்கள் பெயர்களாகவே நின்றுவிடும். நீர்மூழ்கியிலோ அந்தப் பெயருக்குரியவர் மேல் படுக்கையில் உறங்குகிறார், உணவுக்கூடத்தில் எதிரே அமர்ந்து சாப்பிடுகிறார். அதற்கும் மேலாக, அவரிடம்தான் நாளை தகுதி அட்டையில் கையெழுத்துக் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். குற்றச்சாட்டுப் படிவத்தைத் தயாரித்த அதே கை, மறுநாள் அவர் முன் அட்டையை நீட்டுகிறது. வேறு எந்தப் பணிப்பிரிவினருக்கும் இந்தச் சங்கடம் இவ்வளவு கூர்மையாக இல்லை. வாயைக் கட்டிக்கொள்ளத் தெரிந்தவர், யாரிடமும் எதையும் கோடிகாட்டாதவர், காகிதத்தில் கண்டதை முகத்தில் காட்டாதவர் அங்கே மிகுந்த மதிப்போடு இருப்பார். சற்றே வம்பு பேசும் இயல்புள்ளவர், எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், மேற்பரப்புக் கப்பலையோ கரை அலுவலகத்தையோ தேர்வதுதான் அவருக்கும் மற்றவர்களுக்கும் நல்லது. இதை நான் முழு அக்கறையோடு சொல்கிறேன்.

காவல் முறையும் அப்படித்தான். துறைமுகத்தில் நிற்கும்போது மேல்தளக் காவல், கடலில் கட்டுப்பாட்டறைப் பணிகள் என்று எழுத்தருக்கும் பங்கு உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் வகை, ஒஹாயோ வகைக் கப்பல்களில் சுக்கானைப் பிடித்துக் கப்பலைச் செலுத்தும் இருக்கையில் யோமன்களும் அமர்ந்திருக்கிறார்கள். முன்பு நீர்மூழ்கியின் நாள் என்பது 18 மணி நேரம்: ஆறு மணி நேரம் காவல், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மற்ற வேலையும் உறக்கமும், பிறகு மீண்டும் காவல். உடலின் இயல்பான நாளோடு அது ஒத்துப்போகவில்லை என்பதால் 2014 முதல் 8 மணி நேரக் காவல் கொண்ட 24 மணி நேர நாளுக்குக் கப்பல்களை மாற்றினார்கள். இந்த மாற்றம் எழுத்தருக்கு மற்றவர்களைவிட அதிகம் உதவியது என்பேன், ஏனெனில் அதிகாரிகள் விழித்திருக்கும் நேரம் ஓரளவு நிலைத்த பிறகுதான் கையெழுத்து வாங்கும் நேரமும் நிலைத்தது.

ஆபத்தை மறைத்துப் பேசக் கூடாது. 2005 ஜனவரி 8 அன்று யுஎஸ்எஸ் சான் ஃபிரான்சிஸ்கோ என்ற தாக்குதல் நீர்மூழ்கி குவாம் தீவுக்குத் தென்கிழக்கே ஆழத்தில் முழு வேகத்தில் செல்லும்போது கடலடி மலையொன்றில் மோதியது. கப்பலில் இருந்த 137 பேரில் 98 பேர் காயமடைந்தார்கள், ஒருவர் உயிரிழந்தார். நீர்மூழ்கியில் மருத்துவர் கிடையாது. பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் ஒருவர்தான் உண்டு. இத்தகைய நேரத்தில் காயமடைந்தவரைத் தூக்குவதும், நீர் புகும் இடத்தை அடைப்பதும், புகையில் காற்றுக்குழாய் முகமூடியைப் பொருத்திக்கொண்டு தடவித் தடவி அடுத்த இணைப்பைத் தேடிப் போவதும் எல்லோருடைய வேலையும் ஆகிறது. தகுதி அட்டையில் அத்தனை கையெழுத்து எதற்கு என்று முணுமுணுக்கும் புதியவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

வெளியுலகத் தொடர்பு அடுத்து நினைக்க வேண்டியது. நீருக்குள் வானொலி அலைகள் எளிதில் நுழைவதில்லை. மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலைகள் மட்டுமே சிறிது ஆழம் வரை எட்டும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உயர்ந்த கம்பங்களோடு நிற்கும் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் இந்திய நீர்மூழ்கிகளுக்காக இதே வேலையைத்தான் செய்கிறது. அந்த அலைவரிசையில் மிகச் சில எழுத்துகளையே அனுப்ப முடியும் என்பதால், வீட்டுச் செய்தி நீளமாக வராது. ஒரு காலத்தில் ஏவுகணை நீர்மூழ்கிகளில் இருப்போருக்கு வீட்டிலிருந்து 40 சொற்களுக்குள் ஒரு செய்தி வரும். பதில் அனுப்ப வழியில்லை. இப்போது மின்னஞ்சல் இருக்கிறது என்றாலும், கப்பல் மேலே வரும்போது மொத்தமாக வரும், பணியின் தன்மையைப் பொறுத்து வாரக்கணக்கில் நின்றும் போகும். குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் கடலில் இருக்கும்போதே சொல்ல வேண்டுமா, கரை சேர்ந்த பிறகு சொன்னால் போதுமா என்று புறப்படும் முன்னரே மாலுமிகளிடம் எழுதி வாங்கும் வழக்கமும் இத்தகைய கப்பல்களில் இருந்திருக்கிறது. தாயார் இறந்த செய்தியைத் தெரிந்துகொண்டும் திரும்பிப் போக முடியாத இடத்தில் இருப்பது நல்லதா, தெரியாமல் இருப்பது நல்லதா என்ற கேள்விக்கு ஒருவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு பதில் எழுதுகிறார். மேற்பரப்புக் கப்பலில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி இந்த வடிவில் வருவதில்லை. அங்கே பெரும்பாலான நாட்களில் செய்தி வரும், தேவையானால் ஹெலிகாப்டரும் வரும்.

இந்தத் தொடர்பின்மை அலுவலக வேலையையும் பாதிக்கிறது. மேற்பரப்புக் கப்பலின் யோமன் கணினிப் பதிவை அன்றன்றே புதுப்பிக்கலாம். நீர்மூழ்கியிலிருந்து அது முடியாது. ஆகவே கரை சேரும் நாளில், மற்றவர்கள் குடும்பத்தைப் பார்க்க ஓடும்போது, தேங்கிப்போன பதிவுகளோடு யோமன் அலுவலகத்தில் அமர்ந்திருப்பது வழக்கம். குழந்தை பிறந்த மாலுமியின் குடும்பப் பதிவு, திருமணப் பதிவு, முடிந்துபோன அடையாள அட்டை எல்லாம் அன்றுதான் வேண்டும் என்று வந்து நிற்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயந்தான்.

இனி, தாக்குதல் நீர்மூழ்கியா ஏவுகணை நீர்மூழ்கியா என்ற கேள்வி. மேற்பரப்பா நீர்மூழ்கியா என்பதை எடைபோடுபவர்கள் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். எழுத்தரைப் பொறுத்தவரை இது அதற்கு இணையான வேறுபாடு.

ஒஹாயோ வகை ஏவுகணை நீர்மூழ்கி 170 மீட்டர் நீளமுடையது. நீருக்குள் அதன் எடை 18,750 டன். 14 கப்பல்கள் இருக்கின்றன; வாஷிங்டன் மாநிலத்தின் பாங்கோரும் ஜார்ஜியா மாநிலத்தின் கிங்ஸ் பேயும் அவற்றின் தளங்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் நீலக் குழு, பொன்னிறக் குழு என்று இரண்டு முழுமையான பணிக்குழுக்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 155 பேர். கப்பல் சராசரியாக 77 நாட்கள் கடலிலும் பிறகு 35 நாட்கள் பராமரிப்புக்காகத் துறைமுகத்திலும் கழிக்கிறது. ஒரு குழு கடலில் இருக்கும்போது மறு குழு கரையில், தனக்கான அலுவலகத்தில், பயிற்சியிலும் விடுப்பிலும் இருக்கும். அடுத்த புறப்பாடு எப்போது என்பது ஓரளவு முன்கூட்டியே தெரியும். மாலைக் கல்லூரியில் சேரவும், திருமணத்துக்கு நாள் குறிக்கவும், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு இருப்போமா மாட்டோமா என்று கணக்குப் பார்க்கவும் இங்கேதான் முடியும். ஏவுகணைக் குழாய்களுக்கு இடையே அமைந்த ஒன்பது பேர் அறைகளில் மாலுமிகளுக்குத் தனித்தனிப் படுக்கையும் கிடைக்கிறது.

எழுத்தருக்கு இதில் வேறொரு பலனும் இருக்கிறது. கரையில் இருக்கும் மாதங்களில் 155 பேரின் விடுப்பு, பயிற்சிப் பள்ளிப் பயணம், இடமாற்றம், மறு ஒப்பந்தம் எல்லாம் ஒரே நேரத்தில் குவியும். இணையமும் தொலைபேசியும் கையில் இருக்க, தலைமையகத்தோடு நேரடியாகப் பேசி வேலையைக் கற்றுக்கொள்ளலாம். கடலில் இருக்கும் மாதங்களில் வேலை குறைந்து, தகுதி அட்டைக்கு நேரம் கிடைக்கும். கற்பதற்கு இப்படி மாறி மாறி வரும் ஒழுங்கு மிகவும் ஏற்றது. குறை என்னவென்றால், ஏவுகணை நீர்மூழ்கி யாருக்கும் தெரியாமல் மறைந்திருப்பதையே தொழிலாகக் கொண்டது. வெளிநாட்டுத் துறைமுகம் பார்ப்பது அரிது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் வாழ்க்கையில் சிலருக்கு விரைவில் அலுப்புத் தட்டிவிடுகிறது.

தாக்குதல் நீர்மூழ்கிக்கு ஒரே குழுதான். கிராட்டன், நார்ஃபோக், சான் டியாகோ, பேர்ல் ஹார்பர், குவாம் ஆகிய இடங்களில் இருந்து புறப்படும் இவை ஆறு மாத அளவில் கடலில் இருக்கும். இடையில் ஜப்பானிலோ ஐரோப்பாவிலோ துறைமுகம் தொடும். ஒவ்வொரு துறைமுக வருகையும் எழுத்தருக்குப் பார்வையாளர் பட்டியல், பயண ஆணை, அடையாள ஆவணங்கள் என்று வேலையைக் கொண்டுவரும், ஆனாலும் உலகத்தைப் பார்க்கும் ஆசையோடு சேர்ந்தவருக்கு அதுவே பரிசு. கரையில் இருக்கும்போதும் கப்பல் அந்தக் குழுவின் பொறுப்பிலேயே இருப்பதால் ஓய்வு என்று சொல்லத்தக்க நீண்ட இடைவெளி கிடைக்காது. சில நாட்களுக்கு ஒருமுறை இரவும் கப்பலிலேயே தங்க வேண்டும். புறப்பாட்டுத் தேதி மாறும், திரும்பும் தேதி அதைவிட மாறும். இளநிலை மாலுமிகள் மூன்று பேருக்கு இரண்டு படுக்கை என்று முறைவைத்துப் படுப்பதும் உண்டு; ஒருவர் எழுந்துபோன சூடு ஆறும் முன் மற்றவர் படுப்பார். உறக்கத்தில் இந்த அளவு விட்டுக்கொடுக்க முடியாதவர்கள் என்று எனக்குத் தெரிந்த பலரை எண்ணிப் பார்க்கிறேன். அவர்களில் யாரும் குறைந்தவர்கள் அல்லர், அந்த வாழ்க்கை அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

டோமஹாக் ஏவுகணைகளுக்காக மாற்றியமைக்கப்பட்ட நான்கு ஒஹாயோ வகைக் கப்பல்கள் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன; அவை ஓய்வுபெறும் கட்டத்தை நெருங்கிவிட்டதால் அவற்றை எண்ணி முடிவெடுக்க வேண்டியதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, அடிப்படைச் சம்பளம் ஊதிய நிலையையும் பணியாண்டையும் பொறுத்தது. எழுத்தரா, சோனார் பணியாளரா என்பதைப் பொறுத்ததன்று. கடற்படி, அதாவது கடற்பணிக்கான கூடுதல் தொகை, மேற்பரப்புக் கப்பலிலும் உண்டு. நீர்மூழ்கிப் படி என்பது அதற்கு மேல் வரும். மாதந்தோறும் கையில் தெரியும் தொகைதான் என்றாலும், அதற்காக மட்டும் போகத்தக்க தொகை அன்று. கல்வி உதவியில் வேறுபாடே இல்லை: 36 மாதங்கள் தீவிரப் பணியில் இருந்தவர் எல்லோருக்கும் 36 மாத உயர்கல்விக்கான முழு உதவி கிடைக்கிறது. பணியை விட்டு வெளியே வந்த பிறகு, அலுவலக நிர்வாக வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, பல தலைமையகங்களில் வேலை பார்த்த பொது யோமனின் அனுபவம் பார்ப்பவருக்கு எளிதில் விளங்கும். டால்பின் சின்னத்தின் பொருள் நீர்மூழ்கியை அறிந்த இடங்களில்தான் விளங்கும். கப்பல் கட்டும் தளங்கள், பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவனங்கள், கூட்டரசு அலுவலகங்கள் ஆகியவை அத்தகைய இடங்கள்.

நீர்மூழ்கியில் யோமனுக்குப் பக்கத்து வேலைகளாகச் சரக்குப் பொறுப்பாளரும் சமையலாளரும் உண்டு. ஆள்சேர்ப்பில் இவற்றையும் சேர்த்துக் காட்டுவார்கள். காகிதத்தைவிடப் பொருளில் நாட்டமுள்ளவர் சரக்கு வேலையைப் பார்க்கலாம். சமையலாளரின் உழைப்பு மிகக் கடினமானது, நன்றியும் அதற்கேற்ப உடனே கிடைப்பது.

பெண்களுக்கு ஒரு சொல். கடற்படையில் செவிலியர் அல்லாத பணியில் முதன்முதலாகச் சேர்ந்த பெண் லொரெட்டா வால்ஷ், 1917 மார்ச்சில், ஒரு யோமனாகவே சேர்ந்தார். நீர்மூழ்கிகளில் பெண்களுக்கு இருந்த தடை 2010இல்தான் நீங்கியது; அதிகாரி நிலையில் இல்லாத பெண்கள் 2016இல் யுஎஸ்எஸ் மிச்சிகனில் பணிபுரியத் தொடங்கினார்கள். ஆண், பெண் இருபாலரும் பணிபுரிவதற்கென்றே தொடக்கம் முதல் வடிவமைத்த யுஎஸ்எஸ் நியூ ஜெர்சி 2024 செப்டம்பரில் பணியில் சேர்ந்தது. எல்லாக் கப்பல்களிலும் பெண்களுக்கான தங்கும் ஏற்பாடு இன்னும் இல்லை என்பதால், விரும்பிய தளத்தில் இடம் உண்டா என்பதை அவர்கள் தனியாகக் கேட்டறிய வேண்டும்.

என்னிடம் கேட்டால் சொல்வது இதுதான். அலுவலக வேலையை விரும்பி, அதிலேயே மேலும் மேலும் உயர நினைப்பவர் பொது யோமனாகப் போகட்டும். கப்பலையும் எந்திரத்தையும் கடலையும் அறிய ஆசை இருந்து, எழுத்து வேலையில் திறமையும் இருப்பவர் நீர்மூழ்கியைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். முதல் கப்பலாக ஏவுகணை நீர்மூழ்கியை விருப்பப் பட்டியலில் முதலில் எழுதலாம், குறிப்பாகப் படிப்பைத் தொடர நினைப்பவரும் குடும்பம் உள்ளவரும். இருபத்தொரு வயதில் தனியாளாக, ஊர் பார்க்கும் வேட்கையோடு இருப்பவர் தாக்குதல் நீர்மூழ்கியை எழுதட்டும். விருப்பத்தை எழுதலாமே தவிர, முடிவு கடற்படையின் தேவையைப் பொறுத்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீர்மூழ்கிப் பணி அமெரிக்கக் கடற்படையில் முழுக்க விருப்பத்தின் பேரிலானது. பாதுகாப்பு அனுமதி தேவை என்பதால் அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டு மட்டும் வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வழி அப்போதைக்கு மூடியிருக்கும். எழுத்தர் பணி இரு பக்கமும் இருப்பதால், நீர்மூழ்கி ஒத்துவராமல் போனவர் மேற்பரப்புக் கடற்படையில் அதே பணியைத் தொடர வழி உண்டு. அணுஉலைப் பணியாளருக்கு இந்த வசதி இவ்வளவு எளிதில் இல்லை. ஒப்பந்தத்தில் ஒய்என் என்று இருக்கிறதா, ஒய்என்எஸ் என்று இருக்கிறதா என்பதையும், மொத்தப் பணிக்கடமை எட்டு ஆண்டுகளில் தீவிரப் பணி எத்தனை, இருப்புப்படை எத்தனை என்பதையும் உறுதிமொழி எடுக்கும் நாளில், கையை உயர்த்துமுன், உட்கார்ந்து படித்துப் பாருங்கள். விளங்காத வரியை விளக்கச் சொல்லிக் கேட்க அங்கே உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.